பைப்புக்கு டிரிப்

நான் கண்டுபிடித்த வெட்டுக்கிளியின் நீளம் ஒன்பது மில்லிமீட்டர். மண் நிறம். சத்தம் போடாது. குள்ள வெட்டுக்கிளிகளில் இப்படி ஒன்று இதுவரை எங்கும் பதிவாகவில்லை என்று உறுதிசெய்ய எனக்கு இரண்டு வருடம் ஆனது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஆண்.

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினோம். பெண் பூச்சியின் விவரம் இல்லாமல் புது இனமாக ஏற்க முடியாது, நாற்பத்தைந்து நாள் தருகிறோம் என்று பதில் வந்தது. சிதம்பரத்தில் என் நெறியாளர் ரேகா மேடம் அதை இரண்டு முறை படித்தார்.

"இது போச்சுன்னா தீசிஸ்ல மூணாவது அத்தியாயம் போச்சு, ஷாசியா. அது போச்சுன்னா மத்ததுல என்ன இருக்கு?"

மற்றதில் ஒன்றும் இல்லை. எனக்கும் தெரியும்.

ஆணைப் பிடித்தது கடலூர்ப் பக்கம், குடிகாட்டுக்குப் பக்கத்து ஊரில், ஒரு தெருக்குழாயின் அடியில். குழாயின் இணைப்பு ஆறு வருடமாக ஒழுகி, கீழே பாய் அகலத்துக்குப் பாசி பிடித்திருந்தது. இந்தப் பூச்சிகளுக்குப் பாசிதான் சாப்பாடு. மறுநாள் காலை கடலூர் பஸ்ஸில் போனேன்.

குழாய் ஒழுகவில்லை. தரை காய்ந்து வெடித்திருந்தது.

எதிர்வீட்டுப் பாக்கியமேரி அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தியா பாப்பா? ஆறு வருஷமா மனு போட்டேன். போன வாரம் நம்ம டோனி வந்து சரி பண்ணிட்டான். ஒரு சொட்டு கெடையாது."

தலையாட்டினேன். வந்த விஷயத்தைச் சொல்ல இருபது நிமிடம் ஆனது. அதற்குள் இரண்டு டீ குடித்திருந்தேன்.

"ஒழுவணுமா?" என்றார் அக்கா.

"கொஞ்சமா போதும்க்கா. நொடிக்கு ஒரு சொட்டு."

"ஒரு நாளைக்கு எவ்ளோ ஆவும் அது?"

கணக்குப் போட்டுச் சொன்னேன். நாலு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே.

அக்கா வெகுநேரம் குழாயையே பார்த்தார். "நாலு லிட்டருக்கா ஆறு வருஷம் அலைஞ்சேன்?"

ஆள் அனுப்பி டோனி அண்ணனை வரவழைத்தார். அவர் பிளம்பர். பெரிய ஸ்பேனரோடு வந்து நின்றார்.

"இத லேசா லூஸ் பண்ண முடியுமாண்ணா?"

"நான் போட்ட ஜாயின்ட்டு ஒழுவாதுமா."

"தெரியும்ணா. ஒழுவற மாதிரி..."

"டாக்டர்கிட்ட போயி, நல்லா இருக்கற கால ஒடச்சி வுடுங்கன்னு கேப்பீங்களா?"

கேட்க மாட்டேன் என்றேன். அவர் போய்விட்டார்.

மூன்றாம் நாள் கடலூர் முதுநகரில் ஒரு மருந்துக்கடையில் டிரிப் செட் கேட்டேன். பேஷன்டுக்கு என்ன வயசு என்றார் கடைக்காரர். எனக்குப் பொய் சொல்ல வராது; குழாய் போட்டு ஆறு வருடம். "ஆறு" என்றேன். அவர் முகம் மாறியது. பஞ்சு உருண்டை ஒன்றைச் சும்மாவே கொடுத்தார்.

தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் குழாயின் கழுத்தில் கட்டினேன். நொடிக்கு ஒரு சொட்டு என்று திருகி வைத்தேன். மூன்று மணிக்கு ஒருமுறை பாட்டிலை நிரப்புவதை அக்கா ஏற்றுக்கொண்டார். அவர் கோயிலுக்குப் போனால் பக்கத்து வீட்டார் நிரப்பினார்கள்.

பைப்புக்கு டிரிப் ஏற்றுகிறார்கள் என்று ஊருக்குள் பேச்சு பரவியது. சிலர் வந்து பார்த்தார்கள். யாரோ ஒரு பிரெட் பாக்கெட் வைத்துவிட்டுப் போனார். ஞாயிறு பூசையில் மன்றாட்டுச் சீட்டுகளை வாசித்த ஃபாதர், 'நோயுற்றிருக்கும் குழாய்க்காக' என்பது வரை வாசித்துவிட்டு, சீட்டைத் திருப்பிப் பார்த்தாராம்.

டோனி அண்ணன்தான் நொந்துபோனார். டீக்கடையில் அவரை நிம்மதியாக உட்காரவிடவில்லை.

"இன்னா மச்சான், உன் பைப்ப ஐசியூல போட்டுட்டாங்களாமே?"

அதன்பிறகு தினமும் சாயங்காலம் வந்தார். இணைப்பைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டுவார். ஐந்து நிமிடம் கழித்து அவிழ்த்து, உலர்ந்த துணியை எல்லோருக்கும் காட்டுவார்.

"வெளிய தெரியாது மச்சான்," என்றார்கள். "உள்ளுக்குள்ள இருக்கும்."

கெடுவில் நாற்பதாம் நாள் பாசி இருந்தது. பூச்சி இல்லை. ரேகா மேடம் போனில் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

நாற்பத்து மூன்றாம் நாள் காலை டோனி அண்ணன் சிதம்பரத்துக்கே வந்துவிட்டார். எங்கள் ஆய்வக மேசைமேல் ஒரு சாண் பிவிசி பைப்பை வைத்தார். இரண்டு முனையிலும் மூடி.

"உள்ள இருக்கு. நேத்து துணி கட்டறப்போ பாசிலேர்ந்து கையில ஏறுச்சு. பொத்தி உள்ள வுட்டு, ரெண்டு பக்கமும் கேப்பு போட்டு ஒட்டிட்டேன்."

"எப்பிடிண்ணா தொறக்கறது?"

"தொறக்க முடியாது," என்றார். குரலில் பெருமை இருந்தது.

பிறகு அவரே பையிலிருந்து ஆக்சா பிளேடை எடுத்தார். தன் கையையே அறுப்பதுபோல மெதுவாக அறுத்தார். பூச்சி பசை நெடியில் செத்திருந்தது. எப்படியும் அடுத்து நான் செய்யவிருந்தது அதைக் கொல்வதுதான்.

நுண்ணோக்கியில் வைத்தேன். வயிற்றின் நுனியில் முட்டையிடும் உறுப்பு. அதன் ஓரம் முழுக்கப் பற்கள். பெண். நகர்ந்து இடம் விட்டேன்.

டோனி அண்ணனும் பார்த்தார். "பல்லு ஒண்ணு போல இருக்கு," என்றார். "நல்ல டூலு." பிறகு தயங்கினார். "ஒழுவற பைப்புக்கு அடியில புடிச்சதுன்னு எழுதிடாதீங்கமா. பேரு கெட்டுடும்."

இருந்ததைத்தான் எழுத முடியும். ஆனால் 'இனத்துக்கான அச்சுறுத்தல்கள்' என்றும் ஒரு தலைப்பு உண்டு. அதில் எழுதினேன்: 'அறியப்பட்ட ஒரே வாழிடம், குழாய் இணைப்பு பழுதுபார்க்கப்பட்டதால் வறண்டது. பழுதுபார்ப்பு மிகத் திறமையானது. நாற்பது நாள் கண்காணிப்பில் இணைப்பிலிருந்து ஒரு சொட்டும் கசியவில்லை.'

ஒரு எழுத்தும் மாறாமல் ஏற்றுக்கொண்டார்கள். டோனி அண்ணனுக்குப் போன் செய்து தமிழில் சொன்னேன்.

"டீக்கடையில வந்து ஒரு தடவ படிக்கணுமேமா. நான் சொன்னா நம்ப மாட்டானுவோ."

பத்துப் பேருக்கு முன்னால் நான் வாய் திறந்ததில்லை. போனேன். பதினேழு பேர் இருந்தார்கள். தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படித்தேன். கடைசி வரியை இன்னொரு தடவை கேட்டார்கள். சத்தமாகப் படித்தேன்.

பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார். "அப்ப பைப்புக்கு ஒடம்பு தேவலயாயிடுச்சா?"

"அதுக்கு ஒடம்பே கெடல, மாமா," என்றார் டோனி அண்ணன். எனக்கு ஒரு டீ சொன்னார்.