பின் டயரா, முன் டயரா

மூன்று வருடங்களுக்குப் பிறகு ஹஸ்மி கட்டாரிலிருந்து நுரைச்சோலைக்கு லீவில் வந்தான். வந்த மறுநாளே வாசலில் உறை போட்டு நின்ற தன் டூரிங் மோட்டார் சைக்கிளைத் திறந்து பார்த்தான். துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஏறி இருந்தபோது சீட் முன்னைவிடத் தாழ்வாகப் பட்டது. தான் பெருத்துவிட்டதால் என்று எடுத்துக்கொண்டான்.

மனைவி ஸுல்பிகாவை ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்குப் போய்வருவது அவன் திட்டம். அதற்காகவே டோஹாவில் கட்டிலில் படுத்தபடி டயர் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தான். வெளிநாடு போகுமுன் புது டயர் போட்டுத்தான் போயிருந்தான். ஆனாலும் கடற்கரையில் இவ்வளவு காலம் சும்மா நின்ற ரப்பரை நம்ப ஏலாது. ஸுல்பிகா ஸ்கூட்டியில் வேலைக்குப் போனதும், மோட்டார் சைக்கிளை மெயின் ரோட்டில் உள்ள அல்பேட்டின் டயர் கடைக்குக் கொண்டுபோனான்.

"உப்புக் காத்து தின்டுட்டு, அல்பேட் அண்ணே. ரெண்டையும் மாத்தணும்."

அல்பேட் குந்தியிருந்து பின் டயரைத் தடவினார். நடுவில் வரியே இல்லை. ஓரங்கள் நன்றாக இருந்தன.

"உப்புக் காத்து நடுவ மட்டும் தின்னாது, தம்பி. இது ஓடித் தேஞ்ச டயர்."

"ஓடல்ல. வாசல்லயே நின்ட வண்டி."

"அப்ப நின்ட இடத்திலயே நல்லா ஓடியிருக்கு."

வரும் வழியில் ஹஸ்மி பெற்றோல் அளவை மட்டும்தான் பார்த்திருந்தான். இப்போது சாவியைத் திருப்பிக் கிலோமீட்டரைப் பார்த்தான். அவன் போகும்போது நான்கு இலக்கம். இப்போது ஐந்து.

"மிஸ் என்ன டயர் போடச் சொன்னா?" என்று அல்பேட் கேட்டார்.

"எந்த மிஸ்?"

அல்பேட் சற்று நேரம் ரோட்டில் போன பஸ்ஸைப் பார்த்தார். "வீட்டுக்கு ஒரு கோல் எடுங்க, தம்பி."

ஸுல்பிகா அந்தப் பகுதியின் மருத்துவமாது. கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடுவீடாகப் போய்ப் பார்ப்பவள். ஊருக்கே அவள் மிஸ்தான். ஹஸ்மி கோல் எடுத்தான்.

"சைக்கிள் டயர் தேஞ்சீக்கு," என்றான்.



"பின் டயரா, முன் டயரா?" என்று ஸுல்பிகா கேட்டாள்.

கால் மணி நேரத்தில் அவளே ஹெல்மெட்டைக் கழற்றியபடி கடைக்குள் வந்தாள்.

"பெற்றோல் தட்டுப்பாட்டில கோட்டாவுக்குத் தந்த நாளையில ஸ்கூட்டிக்குக் கிடைச்சது பத்தல்ல. இதுக்குத் தனிக் கோட்டா இருந்திச்சி. புள்ள பெத்த வீடுகளுக்குப் போகாம இருக்க ஏலுமா?"

"பொறகு பெற்றோல் தாராளமா வந்திச்சே?"

"வந்திச்சி. அதுக்குள்ள எனக்கு இது பழகிட்டு. மணல்ல ஸ்கூட்டி புதையுது."

"கால் எட்டுமா ஒனக்கு?"

"சீட்ட இறக்கிட்டேன்."

தான் பெருத்துவிடவில்லை என்பது ஹஸ்மிக்குத் தெரிந்தது. அதில் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

"உறை போட்டீக்கான்டு கிழமைக்குக் கிழமை கேட்டேனே?"

"ஓம் என்டேன். ராவையில போட்டுத்தான் ஈந்திச்சி."

டோஹாவில் கூட இருந்தவர்களுக்கெல்லாம் அவன் இந்தச் சைக்கிளின் படத்தைக் காட்டியிருந்தான். எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது என்று சொல்லியிருந்தான். அது ஒரு நாளும் நிற்கவில்லை.  ஹஸ்மி சுவரில் தொங்கிய டயர் ஒன்றைக் காட்டினான். வரிகள் கட்டைகட்டையாக, வீடியோவில் பார்த்தது போலவே இருந்தது.

"ஊர் சுத்துறதுக்கு இதுதான்."

ஸுல்பிகா அதைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். "மணலுக்கு நல்லம். மழைக்குள்ள தார் ரோட்டுல வளைக்கக்குள்ள வழுக்கும். சத்தமும் போடும். புள்ள நித்திர கொள்ற வாசல்ல இதோட போய் நிக்க ஏலா."

"அப்ப மணல்ல?"

"காத்தக் கொஞ்சம் இறக்குவேன். ரோட்டுக்கு வந்து திரும்ப அடிப்பேன்."

அவள் நெருக்கமான வரிகள் கொண்ட இன்னொரு டயரைப் புரட்டி, பக்கவாட்டில் இருந்த, செய்த திகதியைக் காட்டும் எண்ணை வாசித்தாள். "இது பழைய சரக்கு, அண்ணே. புதுசு ஈக்கா?"

அல்பேட் உள்ளே போய் வேறு சோடி கொண்டுவந்தார். அதையே பூட்டினார்கள்.

அடுத்த கிழமை திருகோணமலைக்குப் போனார்கள். ஹஸ்மிதான் ஓட்டினான். ஹபரணைக்குப் பக்கத்தில் பெருமழை பிடித்தது. முன்னால் மாடு ஒன்று குறுக்கே வந்தது. அவன் பிரேக்கை அழுத்தினான். சைக்கிள் நேராக நின்றது. மாடு அவசரமில்லாமல் போனது.

தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கியபோது, "டயர் நல்லம்," என்றான்.

"ஓம்," என்று ஸுல்பிகா ரொட்டியைப் பிய்த்தாள். "இனி நான் கொஞ்சம் ஓட்டவா?"

அவன் தலையாட்டினான். மழை விட்டதும் முதல்முறையாகப் பின்னால் ஏறி இருந்தான். நாலைந்து பள்ளம் தாண்டுவதற்குள் இடுப்பு நோகத் தொடங்கியது.

"என்ன புள்ள, இந்தச் சீட் கல்லு மாதிரி ஈக்குது?"

"கலியாணம் முடிச்ச நாளையிலருந்து அப்படித்தான்," என்றாள் அவள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.