கூண்டுக்கு வெளியே வைத்த மீன்

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் வெள்ளிக்கிழமை என்றால் விக்ரோரியா வீட்டில் மீன்தான். அதுவும் தவக்காலம். தொழிற்சாலையால் வந்த கையோடு மீனைப் பொரித்தவள், தலைகளை மட்டும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்குப் புறப்பட்டாள்.

"எனக்கு வால்துண்டு, பூனைக்குத் தலை. நான் பேசாமல் போய்க் கொட்டகையில இருக்கிறன்," என்றான் கணவன் லோரன்ஸ்.

மகள் ஸ்ரெபானி வழியை மறித்தாள். "அம்மா, ரெண்டு நாளைக்கு ஒருத்தரும் சாப்பாடு வைக்க வேண்டாமெண்டு கிர்ஸ்டன் சொன்னவ எல்லோ?"

கீழ்வீட்டுக் கிர்ஸ்டன் பூனைச் சங்கத்திடம் இரவல் வாங்கிய கூண்டு கொட்டகையடியில் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத சாம்பல் பூனை பசியில் உள்ளே வைத்த தீனுக்குப் போய் அகப்பட்டால், இனிக் குட்டி போடாதபடி மருத்துவரிடம் ஆபரேஷன் செய்வித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

"ஒருசந்தி விரதம் நாங்கள் பிடிக்கலாம். வாயில்லாச் சீவனை ஏன் பட்டினி போடுவான்?" என்றாள் விக்ரோரியா.

பூனை மீனைத் தின்றது, வாயை நக்கியது, கூண்டைத் திரும்பியும் பாராமல் போனது. அடுத்த நாளும் அப்படியே. ஞாயிறன்று கூண்டு வேறு தெருவுக்குப் போனது. அங்கேயும் ஆட்கள் காத்திருந்தார்கள். பூனை ஏன் வரவில்லை என்று கிர்ஸ்டன் படியில் நின்று வியந்தபோது, விக்ரோரியா சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

ஏப்ரலில் திடீரென்று பனி கொட்டியது. கொட்டகைக்குப் பின்னால் கிடந்த ஒரு பெட்டிக்குள் சாம்பல் பூனையின் நாலு குட்டிகளை ஸ்ரெபானி கண்டாள். இரண்டு விறைத்துக் கிடந்தன. மற்ற இரண்டுக்கும் கண்கள் பீளையால் ஒட்டியிருந்தன; மருத்துவரிடம் போயும் தப்பவில்லை. தாய்ப்பூனை வெறும் பெட்டியை மணந்து மணந்து கத்தியது.

அன்று பின்னேரமே விக்ரோரியா கிர்ஸ்டனின் கதவைத் தட்டினாள். தெரிந்த டெனிஷில், மீன் வைத்தது தான்தான் என்றாள். கிர்ஸ்டன் கோபிக்கவில்லை. "என்னட்டக் கேட்டிருக்கலாமே," என்று மட்டும் சொல்லிவிட்டு, கூண்டைத் திரும்பக் கேட்டுச் சங்கத்துக்குப் போன் போட்டாள்.

விக்ரோரியா மேலே வந்து சப்பாத்தைக் கழற்றாமலே இருந்தாள்.

"விடு, நீ பாவம் பாத்துத்தானே வைச்சனீ," என்றான் லோரன்ஸ்.

"இல்லையப்பா. நான் என்ர மனசு ஆறத்தான் வைச்சனான். சாப்பாடு போட்டால் மட்டும் இரக்கமில்லை. தெருப்பூனை பெருகாமல் பாக்கிறதுதான் அதுக்குச் செய்யிற இரக்கம். அதுக்கு ரெண்டு நாள் பசி வேணுமெண்டால், அந்த ரெண்டு நாளும் நாங்கள் பொறுக்கத்தான் வேணும்."