இரண்டாவது சட்டை

எங்கள் மகனை இடித்துவிட்டு நிற்காமல் போனவனின் முதுகை மட்டும்தான் இஸ்திரிக்காரர் பார்த்தார். சட்டைகளோடே வாழ்கிறவர் கண்ணில் வண்டி நம்பர் படவில்லை, சட்டை பட்டது. "பச்சைக் கட்டம், அண்ணே. தோள்பட்டைத் தையல்ல ஒரு கோடுகூட ஒடியல. உங்க கை மாதிரிதான் இருந்துச்சு" என்று தையல்காரரான என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்.

கட்டம் போட்ட துணியில் தோள் துண்டின் கோடும் முதுகின் கோடும் ஒன்றாகச் சேரும்படி வெட்டித் தைப்பது லேசில் வராது. அது தனக்கு மட்டுமே வரும் என்பதில் அவருக்குத் தலைகால் தெரியாத பெருமை. "மத்தவன் தைச்சா முதுகுல ரயில் தடம் புரண்ட மாதிரி இருக்கும்" என்பார். அந்தப் பச்சைக் கட்டத்தில் அவர் தைத்தது ஒரே சட்டை, போர்டு எழுதும் பெயிண்டருக்கு.

நான் ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையின் உடலுக்காகக் காத்திருந்தேன். என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் தையல் கடையின் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், பட்டப்பகலில், பாதி எழுதிய போர்டின் மேலேயே பெயிண்டரின் வலது கையை நசுக்கினார். பிள்ளையை எடுக்கும்போது தகப்பன் லாக்கப்பில் இருந்தார்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முந்தின மழைக்காலத்தில் அவர் காய்ச்சலாகக் கிடந்தபோது, அதே துணியின் மிச்சத்தில் கேபிள்காரனுக்கு ஒரு சட்டை தைத்தது நான். பதினாறு வருடம் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டே அவர் கையைப் பார்த்திருக்கிறேன். அவர் மனம் சுருங்குமே என்று சொல்லாமல் விட்டேன்.

சட்டை விஷயம் இஸ்திரிக்காரர் வாயால் என் காதுக்கு வரப் பதினோரு நாள் ஆகிவிட்டது. ஊரே பெயிண்டரைக் கைகாட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில், கேபிள்காரன் வண்டியோடு ஊரைவிட்டே போய்விட்டான். இன்றுவரை அகப்படவில்லை.

"அந்த ரெண்டாவது சட்டைய மறந்துடுங்கம்மா. பெயிண்டர் மேல சந்தேகம் இருந்தாத்தான் உங்க வீட்டுக்காரருக்குத் தண்டனை குறையும்" என்றார் வக்கீல்.

"கையக் கெடுத்தாச்சு. பேரையும் கெடுக்கணுமா சார்?"

கோர்ட்டில் சொல்வதற்கு முன் என் கணவரிடம் சொல்ல ஜெயிலுக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டுத் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"கோடு சேந்துச்சா?"

"சேந்துச்சு. முடியளவும் விலகல."

"அப்ப நீ சொல்லு. நானும் ஒத்துக்கறேன்."

கூண்டில் நின்று, பெயிண்டரை நேராகப் பார்த்து, "இவர் இல்லீங்க. தப்பு என்னோடது" என்றார். அவர் கத்தரி அத்தனை வருடத்தில் அவ்வளவு நேராக ஒரு வெட்டு வெட்டியதில்லை. ஐந்து வருடம் போட்டார்கள். தலை நிமிர்ந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

போன வாரம், இப்போது நான் நடத்தும் எங்கள் கடைக்குப் பெயிண்டர் வந்தார். ஏறாமல் வாசலிலேயே நின்றார்.

"பட்டன் போட முடியலக்கா. தினமும் வீட்டுல போட்டுவிடுறாங்க, கூச்சமா இருக்கு. அமுக்கினா ஒட்டுற பட்டன் வெச்சுத் தர்றீங்களா?" போகத் திரும்பியவர், "கட்டம் மட்டும் வேணாம்" என்றார்.

இருவருக்கும் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

இன்று வெள்ளைச் சட்டையைக் கொடுத்தேன். கோணிய வலது கையை முதலில் நுழைத்தார். உதவப் போன என் கையைப் பின்னுக்கு இழுத்துக் கட்டிக்கொண்டேன். கண்ணாடி முன்னால், இடது கட்டைவிரலால், கீழிருந்து மேலாக, டக், டக் என்று ஒவ்வொன்றாக அவர் அமுக்கிக்கொண்டே போனார்.