எண்பதுக்கு எண்பது

காணாமல் போன ஒரு தேநீர்க் கேத்தலைப் பற்றிய செய்திதான் மனோரஞ்சிதம் தன் மகளுக்குக் கடைசியாகத் திருத்திக் கொடுத்தது.

பல்கலைக்கழகத்தில் ஜெயந்தினி படித்த உளவியல் துறை மாதத்துக்கு ஒரு செய்திமடல் போடும். நாலே பக்கம். அதில் தமிழ்ப் பக்கம் ஜெயந்தினியின் பொறுப்பு. எழுதியதைப் போனில் அம்மாவுக்கு அனுப்பி, அவள் பிழை பார்த்த பிறகுதான் துறைக்குக் கொடுப்பாள். மனோரஞ்சிதம் படித்தது சாதாரண தரப் பரீட்சை வரைக்கும். வேலை, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. ஆனாலும் கையில் அகப்பட்ட காகிதத்தையெல்லாம் வாசிக்கிறவள். மூன்று வருடம் அப்படி வாசித்ததில், ஒருநாளும் கால் வைக்காத அந்தத் துறை அவளுக்குப் பக்கத்து லயத்து வீடு மாதிரி ஆகிவிட்டது. எந்த விரிவுரையாளருக்குக் கல்யாணம், யார் மேற்படிப்புக்கு வெளிநாடு போனார், மண்டபத்தில் எத்தனை கதிரை உடைந்தது, எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அன்று காலை மகள் வீட்டிலேயே இருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். மனோரஞ்சிதம் போனை முகத்துக்கு நேரே பிடித்து உரக்க வாசித்தாள்.

“‘மாணவர் ஓய்வறையிலிருந்த கேத்தல் காணாமல் போயுள்ளது. எடுத்தவர் திருப்பி வைத்தால் துறை மகிழும்.’ அது என்னாடி துறை மகிழும்? துறைக்கு என்னா பல்லா இருக்கு, காட்டிச் சிரிக்க?”

“பின்ன களவாணிப் பயலேன்னா எழுத முடியும்? எடுத்தது லெக்சரர் சேர்னு எல்லாருக்கும் தெரியும்மா.”

“யாரு, அந்த எப்பவும் ஊட்டச்சத்து பத்திப் பேசுறவரா?”

“அவரேதான்.”

“அப்ப, ‘திருப்பி வைக்கவும்’னு நேரா போடு. போதும்.”

ஜெயந்தினி ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக எதிர்மலையைப் பார்த்தபடி இருந்தாள்.

“என்னாடி யோசனை?”

“ஒண்ணுமில்லம்மா. நம்ம ஆளுங்கள நெனச்சேன்.”

பிறகு மற்றச் சப்பாத்தையும் மாட்டினாள், பையைத் தூக்கினாள், போனாள்.

ஏழரை பஸ். ஹட்டனுக்கு இந்தப் பக்கம் மூன்றாவது வளைவில், பத்து நாள் மழையைக் குடித்திருந்த மண்மேடு சரிந்து பஸ்ஸின் முன்பாதியை மூடியது. நாலு பேர் போனார்கள். அதில் ஒருத்தி ஜெயந்தினி, இருபத்து நாலு வயது. அந்த நாளைப் பற்றி மனோரஞ்சிதம் யாரிடமும் இதற்கு மேல் சொன்னதில்லை, இங்கேயும் வேண்டாம்.

கருமாதி முடிந்து, கணவர் பழனியாண்டி கொழும்புக் கடை வேலைக்குத் திரும்பினார். மனோரஞ்சிதமும் பிள்ளைக் காம்பராவுக்குத் திரும்பினாள். குழந்தைகள் அழுதால் தூக்கினாள், தூங்கினால் போர்த்தினாள். அந்த மாதத்துச் செய்திமடல் அவளுடைய போனுக்கு வந்தது. ஜெயந்தினியின் கூட்டுக்காரி தனுஷிகா அனுப்பியிருந்தாள். முதல் பக்கத்தில் மகளின் படம். அதற்குக் கீழே, ஆண்டு ஆய்வு நாளில் ஜெயந்தினியின் ஆய்வு அவருடைய பெயரிலேயே வாசிக்கப்படும் என்று போட்டிருந்தது. மனோரஞ்சிதம் அதை ஏழு தரம் வாசித்தாள். திருத்துவதற்கு ஒரு பிழைகூட இல்லை. அதுதான் அவளை அழவைத்தது.

அந்த ஆய்வு இந்தத் தோட்டத்தில்தான் நடந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் முப்பத்தொரு பேரிடம் ஜெயந்தினி கேள்வி கேட்டிருந்தாள். லயத்தில் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரியே பதில் சொல்லிவிடுவாள் என்று, ஒவ்வொருத்தியாகப் பிள்ளைக் காம்பராவின் பின்பக்கம் கூட்டிப்போய்க் கேட்டாள். இருபது கேள்வி. மனசு பாரமாக இருக்கிறதா, தூக்கம் கெடுகிறதா, வாழ்வது வீண் என்று தோன்றுகிறதா என்று போகும். ஒருபோதும் இல்லை என்றால் பூச்சியம், எப்போதும் என்றால் நாலு. கூட்டினால் ஆகக்கூடியது எண்பது. எண் ஏற ஏறத் துயரம் கூடுதல். தாள்களைப் படமெடுத்துத் தன் விரிவுரையாளர் பிரியந்தி மேடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் அன்று அவள் புறப்பட்டாள்.

ஒரு வியாழக்கிழமை பிரியந்தி மேடமே அழைத்தார்.

“அம்மா, ஜெயந்தினியோட தாள்களைக் கூட்டிப் பார்த்தேன். ஒருத்தருக்கும் எழுபத்தஞ்சுக்குக் கீழே இல்லைங்க. ஆறு பேருக்கு எண்பதுக்கு எண்பது. பதினெட்டு வருஷமா இந்த வேலை செய்றேன், இப்படி ஒரு இடத்தைப் பார்த்ததில்லை. இவங்களை இப்படியே விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை நேர்ல வர்றேன்.”

சாயங்காலம் மனோரஞ்சிதம் பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்றபோது பேச்சியம்மா வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, மலையில் அவள் வைத்ததுதான் சட்டம். ஜெயந்தினிக்குப் பெரியம்மா முறை.

“என்னா மனோரஞ்சி, மேடம் பேசினாங்களாமே. புள்ளைக்கு எம்புட்டு மார்க்காம்?”

“மார்க்கா? ஒருத்தருக்கும் எழுவத்தஞ்சுக்குக் கொறையலயாம். ஆறு பேருக்கு எம்பதுக்கு எம்பதுன்னாங்க.”

பேச்சியம்மா குடத்தைக் கீழே வைத்துக் கைதட்டினாள். “அந்த ஆறுல ஒண்ணு நானு! நம்ம டிவிசன்லயிருந்து மொதமொதலா பெரிய படிப்புக்குப் போன புள்ள, பரீட்சத் தாளத் தூக்கிக்கிட்டு நம்மகிட்டயே வந்து நிக்குது. நாலு வரைக்கும் போடலாமாம். நாம என்னா கஞ்சப் பரம்பரையா, ஒண்ணு ரெண்டுன்னு கிள்ளிப் போட? மலையில வச்சு எல்லாருக்கும் சொல்லிட்டேன், கேள்வி என்னவா வேணா இருக்கட்டும், நாலுன்னு சொல்லிட்டு வாங்கடின்னு. மத்தவளுகதான் அங்கங்க மறந்து மூணுன்னுட்டாளுக, அந்த தங்கமலர் ரெண்டு எடத்துல. எரும.”

மனோரஞ்சிதத்தின் குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

“அக்கா, அது பரீட்ச இல்ல. வாழுறது வீணுன்னு தோணுதான்னு ஒரு கேள்வி இருந்துச்சே. அதுக்கும் நாலா?”

“நாலுதான். ஏன், அதுல மட்டும் கொறைக்கச் சொல்றியா?”

நாலு என்றால் என்னவென்று மனோரஞ்சிதம் சொன்னாள். கேட்கக் கேட்கப் பேச்சியம்மாவின் முகம் சுருங்கியது. சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி, ஆனது ஆச்சு. நீ மேடத்துக்கிட்ட வாயத் தொறக்காத. புள்ள பேர அங்க வாசிக்கப்போறாங்கன்னு நீதான சொன்ன? இப்பப் போயி எல்லாம் பொய்யின்னா வாசிப்பாங்களா? போன புள்ளைக்கு இருக்குறது அது ஒண்ணு. அதயும் நீயே புடுங்குவியா?”

மூன்று நாள் மனோரஞ்சிதத்துக்குச் சோறு இறங்கவில்லை. பேச்சியம்மா சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அந்தத் துறையின் மண்டபத்தில், அவள் பெயர் பெயராக அறிந்த அத்தனை பேருக்கும் முன்னால், ஜெயந்தினி பழனியாண்டி என்று ஒருவர் எழுந்து நின்று வாசிப்பார். அதை மட்டும் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு நினைப்பு கல்லாக உட்கார்ந்திருந்தது. வாழ்வது வீண் என்று முப்பத்தொரு பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தியாகச் சொன்னதைப் பிள்ளை காதால் கேட்டு, கையால் எழுதியிருக்கிறாள். தூக்கி வளர்த்தவர்கள், கூடையில் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தவர்கள். நம்ம ஆளுங்கள நெனச்சேன். இந்தப் பாரத்தையா சுமந்துகொண்டு பஸ் ஏறினாள்?

ஞாயிற்றுக்கிழமை பிரியந்தி மேடமும் தனுஷிகாவும் வந்தார்கள். பிள்ளைக் காம்பரா அன்று பூட்டு, மனோரஞ்சிதம் திறந்துவிட்டாள். இருந்ததெல்லாம் குழந்தைகளின் குட்டி வாங்குகள்தான். மேடம் முழங்கால் நெஞ்சில் முட்ட அதில் உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும், மெல்லிய குரல். தனுஷிகா கதவோரம் நின்றாள். வந்ததிலிருந்து அவள் மனோரஞ்சிதத்தின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

“ஆய்வு நாளுக்கு எழுதி வச்சிருக்கேன் அம்மா. நீங்க பார்த்துக் கொடுத்தாத்தான் அவ அனுப்புவான்னு தெரியும். அதான் கொண்டுவந்தேன்.”

மனோரஞ்சிதம் தாளை வாங்கினாள். நல்ல தமிழ். மகளின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு கீழே வாசித்துப் போனாள். மூன்றாவது பந்தியில் நின்றாள். ‘இத்தோட்டத்துப் பெண்கள் அனைவரும் வாழ்வில் நம்பிக்கை இழந்துள்ளனர்.’ வெளியே, லயத்துப் பக்கமிருந்து பேச்சியம்மா யாரையோ ஏசிச் சிரிக்கும் சத்தம் நன்றாகக் கேட்டது.

“இதுல பிழை இருக்குங்க மேடம்,” என்றாள்.

“எங்கே?”

“எல்லாமேங்க.”

சொன்னாள். பீலியடியில் கேட்டதை ஒன்று விடாமல் சொன்னாள். கங்காணியம்மா மாதிரி பேச்சியம்மா மலையில் போட்ட உத்தரவையும், தங்கமலரின் இரண்டு மூணையும்கூட. சொல்லி முடித்தபோது தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், திருப்பிக் கொடுக்க மனமில்லாமல். “அவங்க மேல கோவிச்சுக்காதீங்க. புள்ள பாஸாகணும்னு செஞ்சது. அவ பேரு வாசிக்காட்டியும் பரவாயில்லைங்க. இந்தப் பொய்க்கு மேல அவ பேரு வேணாம்.”

கதவோரத்தில் தனுஷிகா முகத்தைப் பொத்திக்கொண்டு உடைந்து அழுதாள்.

“எனக்குத் தெரியும் அம்மா,” என்றாள். “எனக்கு முன்னமே தெரியும். மேடம், மன்னிச்சிருங்க.”

“என்ன தெரியும்?” என்றார் மேடம்.

“அன்னிக்கு பஸ்ல ஏறி உக்காந்ததும் எனக்குப் போன்ல கோல் எடுத்தா. ‘முப்பத்தொரு பேரும் எனக்கு மார்க் போட்டு அனுப்பியிருக்காங்கடி. பரீட்சைன்னு நெனச்சுட்டாங்க. மேடம்கிட்ட நல்லா ஏச்சு வாங்கப் போறேன்’னு சொன்னா. நேர்ல வந்து மேடத்துக்கிட்ட சொல்றேன்னா. அதுக்குள்ள...” மூக்கை உறிஞ்சினாள். “நான் சொன்னா அவளோடதை வாசிக்க மாட்டீங்கன்னு சொல்லாம விட்டுட்டேன்.”

மனோரஞ்சிதம் எழுந்து அவளிடம் போனாள். “எப்பிடிச் சொன்னா? அழுதாளா?”

“அழுகையா? சிரிச்சா அம்மா. சிரிப்பு அடங்காம இருமிட்டா. பக்கத்து சீட்டுக்காரர் தண்ணிப் போத்தல் கொடுத்தாராம்.”

“சிரிச்சாளா?”

“சத்தியமா. மறுபடி வந்து, மலையில அவங்களோடயே கூடைய மாட்டிக்கிட்டு நின்னு, கொழுந்தெடுக்கிறப்ப ஒவ்வொண்ணா கேக்கணும், அப்பதான் நெசம் வரும்னா. ‘பேச்சிப் பெரியம்மா மூஞ்சிய நீ பாத்திருக்கணும்டி, வாழவே பிடிக்கலைன்னு நாலு போட்டுட்டு, சாயங்காலம் ஆட்டிறைச்சிக் கறிக்கு வான்னு கூப்பிடுறாங்க’ன்னு...”

மனோரஞ்சிதத்துக்கு வாயில் சிரிப்பும் கண்ணில் தண்ணீரும் ஒரே நேரத்தில் வந்தன. தனுஷிகாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இன்னும் ஒரு தரம், சின்னக் குரலில், “சிரிச்சாளா?” என்றாள். தனுஷிகா தலையை ஆட்டினாள்.

போகும்போது பிரியந்தி மேடம் அந்தத் தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தார். “இந்த ஆய்வு நாள்ல வாசிக்க முடியாதுங்க அம்மா. மறுபடி கேட்டு எழுதினா அடுத்த வருஷம் பார்க்கலாம். உறுதி சொல்ல முடியாது.”

“சரிங்க மேடம்.”

“நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“தெரியுங்க,” என்றாள் மனோரஞ்சிதம்.

தைப்பொங்கல் கழிந்து தனுஷிகா தனியாக வந்தாள். ஜெயந்தினி கேட்டதைத் தான் மறுபடி கேட்கப் போவதாகச் சொன்னாள். மனோரஞ்சிதத்தின் வீட்டிலேயே தங்கினாள். விடிந்ததும் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெண்களோடு வரிசையில் நின்று, பெயர் கொடுத்து, அவர்களோடு மலை ஏறினாள். முதல் நாள் கொழுந்தையும் முற்றின இலையையும் சேர்த்துப் பறித்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டாம் நாள் பரவாயில்லை என்றார்கள்.

முதல் ஆள் பேச்சியம்மாதான். அன்று மதியம் குழந்தைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, தேநீர் வாளியோடு மனோரஞ்சிதமும் மலைக்கு வந்திருந்தாள். இரண்டு நிரை தள்ளி நின்றும் கேட்டது.

“பெரியம்மா, இது பரீட்சை இல்லை. எனக்கு மார்க் வராது. நெசத்தச் சொன்னாப் போதும்.”

“தெரியும் புள்ள, ஆயிரம் தரம் சொல்லிட்ட. கேளு.”

“கடந்த ரெண்டு வாரத்துல தூக்கம் கெட்டுச்சா?”

“இந்த மலைய ஏறி எறங்கினவளுக்குத் தூக்கம் வராம? பூச்சியம் போடு.”

“வாழுறது வீணுன்னு தோணுதா?”

“பூச்சியம். மூத்தவனுக்குப் பொண்ணு பாக்கணும், செத்துப்போனா யாரு பாக்குறது?”

“மனசு பாரமா இருக்கா?”

பேச்சியம்மாவின் கை செடியின் மேல் நின்றது. பறித்த கொழுந்தைக் கூடைக்குள் போடாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கு என்னாத்த சொல்றது,” என்றாள். “அவ இருந்தப்ப பொய்யா நாலு சொன்னேன். இப்ப நெசத்தச் சொன்னாலும் நாலுதான் புள்ள. போடு.”

தனுஷிகா போட்டாள். மனோரஞ்சிதம் வாளியைத் தூக்கிக்கொண்டு கிட்டே போய், பேச்சியம்மாவுக்கு முதலில் தேநீர் ஊற்றினாள்.

நாலு நாளில் முப்பத்தொரு பேரும் முடிந்தார்கள். எண்கள் இந்த முறை பத்தும் பதினெட்டும் நாற்பத்தொன்றுமாகக் கலந்து கிடந்தன. வாசிப்பார்களா மாட்டார்களா என்று தனுஷிகாவால் சொல்ல முடியவில்லை. மனோரஞ்சிதமும் கேட்கவில்லை. தாள்களை அடுக்க உதவி செய்தபோது ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு கட்டத்தைப் பார்த்தாள்: ஆய்வாளர் பதிவு எண்.

“இது ஒன் நம்பரா?”

“இல்லம்மா, அவளோடதுதான். அனுமதி கொடுத்தது அந்த எண்ணுக்காம். மாத்தினா அனுமதிக் குழுவுக்குத் திரும்ப எழுதணும், ஆறு மாசம் போயிரும்னு மேடம் சொன்னாங்க. அதான் மாத்தலை.”

மனோரஞ்சிதம் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். முப்பத்தொன்றிலும் அதே எண்தான் இருந்தது.