உப்பில் புதைத்த மவுஸ்

கோடை மழையில் கூரை ஒழுகி, சகாதேவன் அண்ணனின் பிரவுசிங் சென்டரில் மவுஸ் நனைந்துவிட்டது. டார்ச் லைட் நனைந்தால் செய்கிற வைத்தியத்தையே அதற்கும் செய்தார். கடைக்குப் பின்னால் உப்பளத்தில் குவித்து, கீற்று போட்டு மூடியிருந்த உப்பில் புதைத்து வைத்தார். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது மரக்காணத்து விஞ்ஞானம். நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ், எங்கள் சிலபஸில் இது இல்லை.

மறுநாள் என் சிநேகிதன் அசோகன் வந்தான். சென்னையில் ஒரு கம்பெனி அவனுக்கு வேலை கொடுத்திருந்தது. மாலை ஐந்துக்குள் சம்மதம் என்று மெயில் போகாவிட்டால் வேலை அடுத்தவனுக்கு. அடித்து முடித்துவிட்டான். அனுப்பலாம் என்று, உப்பிலிருந்து எடுத்து மாட்டிய மவுஸைத் தொட்டால் அம்பு அசையவில்லை.

அடிமூடியைக் கழற்றி உருண்டையை எடுத்தேன். ரோலரில் உப்பு படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி, சட்டையில் துடைத்து மாட்டினேன். அம்பு திரையின் மேலிருந்து கீழே நிதானமாக வந்தது. நின்றது. மேலே போய், கொஞ்சம் தள்ளி, மறுபடி கீழே வந்தது. மவுஸில் யார் கையும் இல்லை.

சகாதேவன் அண்ணன் வைரஸ் என்றார். ஒயரைப் பிடுங்கினேன். அம்பு நிற்கவில்லை. ஒயரில்லாத மவுஸ் வந்துவிட்டதாகப் படித்திருக்கிறேன். இது அந்த மாடல் இல்லை.

"எந்தப் பாத்தி உப்புலண்ணே பொதைச்சீங்க?" என்றான் அசோகன்.

அவர் ஜன்னல் வழியாகக் கை காட்டினார். ஏப்ரலில் அசோகனின் அப்பா குப்புசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போன பாத்தி அது. பாதிதான் வாரியிருந்தார். மீதியை மழை கரைத்துவிட்டது. உப்பு வார அவர் பலகை இழுப்பதும் இப்படித்தான்: நீளமாக ஒரு இழுப்பு, ஒரு மூச்சு, தள்ளி நின்று அடுத்தது.

"டேய், டேப் தட்டி என்ட்டர் அடிடா. மவுஸே வேணாம்" என்றேன்.

டேப் தட்டினான். பட்டனைச் சுற்றிப் புள்ளிக்கோடு விழுந்தது. விரல் மட்டும் என்ட்டருக்குப் போகவில்லை.

"வேலைக்குப் போறம்பா" என்றான் திரையிடம்.

அம்பு பாதி இழுப்பில் நின்றது. சம்மதமா, கோபமா என்று சொல்ல அம்புக்கு முகம் இல்லை. மணி ஐந்தாகப் போகிறது என்றேன். அசோகன் அழுத்தினான். மெயில் போய்விட்டது. அம்பு விட்ட இடத்திலிருந்து மறுபடி இழுக்க ஆரம்பித்தது. திரையில் இன்னும் கால்வாசி பாக்கி.

சகாதேவன் அண்ணன் மெயின் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். அசோகன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இருங்கண்ணே. கரை ஏறட்டும்."