எரர் பதினாலு

உலர்த்தும் இயந்திரத்துக்குள்ளிருந்து அனுராதா உருவியெடுத்த, சூடு பார்க்கும் கம்பி பாதியில் அறுந்திருந்தது. தொண்ணூற்றாறாம் வருஷம், ஐப்பசி மாதம்; காலை பஸ்ஸில் பாளையங்கோட்டையிலிருந்து மலையேறி வந்திருந்தாள். அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தியின் சூட்டைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டும் புரோகிராமை எழுதியவள் அவள்தான்.

மூன்று நாளுக்கு முன் முந்நூறு கிலோ தூள் கருகிவிட்டது. உலர்த்தியின் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மந்திரமூர்த்தியை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அனுராதா சொல்லியனுப்பியதால் வந்தவர், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"கருகுத வாசம் வந்துச்சு தாயி. திரையில தொண்ணூத்தஞ்சுன்னு அசையாம நிக்கு. சூப்பர்வைசர்ட்ட சொன்னேன். கம்ப்யூட்டர விட ஒம்ம மூக்கு பெருசா வேன்னு கேட்டாரு."

"திரை மூலையில எதுவும் வரலியா அண்ணாச்சி?"

"எரர் பதினாலுன்னு வந்துச்சு. நாந்தான் எதையோ தொட்டுக் கெடுத்துட்டேன்னு பயந்து, அத மட்டும் சொல்லல."

பதினாலு என்றால் கம்பி அறுந்துவிட்டது என்று பொருள். அது அவளுக்கு மட்டுமே தெரியும். அறுந்த பிறகும் பழைய எண்ணையே திரையில் நிற்கவிட்டதும் அவள்தான்.

"தப்பு எம்மேல அண்ணாச்சி."

மந்திரமூர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். "சாப்பிட்டியா?" என்றார். "அழாத. இப்ப பதினாலுக்குப் பதிலா திரையில என்ன எழுதணும்னு பாப்போம்."

அவள் தாளில் எழுதி வாசித்தாள். "வெப்ப உணர்வியின் இணைப்பு துண்டிக்கப்பட்டுள்ளது."

"இத வாசிச்சு முடிக்குததுக்குள்ள தூளு கரியாயிரும்!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: 'சூடு பார்க்கும் கம்பி அறுந்துவிட்டது. பழைய எண்ணை நம்பாதே. தீயைக் குறை.' கொஞ்சம் யோசித்து அவர், "ஆள்மேல தப்பில்லன்னும் போடு தாயி," என்றார். அதையும் போட்டாள்.

கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஊருக்குப் போய், ஒவ்வோர் எழுத்தையும் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து ஏற்றினாள். அடுத்த வாரம் கொண்டுவந்தபோது மேனேஜர் சங்கரசுப்பிரமணியன் வாசித்துப் பார்த்தார்.

"நல்லாருக்கு. அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துருங்கம்மா."

"கம்பி அறுந்ததாலதான சார் கருகுச்சு? அவர மறுபடி எடுக்கணும்லா?"

"வெறகு சுமக்க எடுத்தாச்சு. அடுப்புக்கு முடியாது. ஆள் தப்புன்னு மேலிடத்துக்கு எழுதிப் போட்டாச்சு."

தன் தவறுதான் என்று அவள் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதத்தை, பிரிக்காமலே மேசை டிராயரில் போட்டு மூடினார்.

சோதித்துப் பார்க்க அனுராதா கம்பியைக் கழற்றினாள். எண் மறைந்து, கடைசி வரி இல்லாமல் மூன்று வரிகள் எழுந்தன. அடுப்புக்கு வந்திருந்த புதிய ஆள் உரக்க வாசித்தான். உடனே ஓடிப்போய்த் தீயைத் தணித்தான்.

விறகுக் கட்டோடு வந்த மந்திரமூர்த்தி அதைக் கேட்டு நின்றார். "பாத்தியா தாயி, ஒரே மூச்சுல வாசிச்சுட்டான்!" என்று முகமெல்லாம் சிரித்தார். பிறகு கட்டை வாசற்படிக்கு வெளியிலேயே இறக்கிவைத்துவிட்டு, அடுத்த கட்டை எடுக்க மழையில் இறங்கினார்.