நான்காம் எண் சாட்சி

சட்டம் மாறிவிட்டது என்று அரசு வக்கீல் தொலைபேசியில் சொன்னபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இனி இப்படிப்பட்ட பாலியல் வழக்குகளில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை நீதிமன்ற வராந்தாவில் கூவ மாட்டார்களாம். "உங்க பேர் வெளியில ஒருத்தர் காதுலயும் விழாதும்மா. தைரியமா வாங்க," என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷர்களுக்கு அவசரம் ஜாஸ்தி. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிடுவார்கள். பெயருக்குப் பதிலாக எதைக் கூவுவார்கள் என்பதை அவர் சொல்லவே இல்லை.

அந்த நீதிமன்றத்தில் ஆட்களைக் கூப்பிடுகிற ஊழியருக்கு வெண்கலம் என்று பட்டப்பெயர். குரல் அப்படி. அவர் வாசலில் நின்று கூப்பிட்டால் கீழே வண்டி நிறுத்துகிறவன்கூட அண்ணாந்து பார்ப்பான். மூன்று தடவை கூப்பிடுவார். அதற்குள் ஆள் வராவிட்டால் வரவில்லை என்று பதிந்துகொள்வார்கள். முன்பு இரண்டு முறை அவள் வந்தபோதும் அவளுடைய பெயர், அப்பா பெயர் எல்லாவற்றையும் சேர்த்து அவர் முழங்க, வராந்தாவில் இருந்த அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கி ஓடிவிட்டாள்.

இன்றும் வராவிட்டால் அவளுடைய சாட்சியம் இல்லாமலே வழக்கை முடித்துவிடுவேன் என்று நீதிபதி சொல்லியிருந்தார். முடித்தால் அவளிடம் அத்துமீறியவன் வெளியே வந்துவிடுவான். அதே ரத்தப் பரிசோதனை நிலையத்தில், அதே மேலாளர் நாற்காலியில் மறுபடி உட்காருவான். அவள் விட்டுவிட்டு வந்த வேலையில் இப்போது புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். ஊசி குத்தும்போது தானும் சேர்ந்து முகம் சுளிக்கிற சின்னப் பெண். அந்தப் பெண்ணை நினைத்துத்தான் இவள் இன்று கிளம்பி வந்திருந்தாள்.

துணைக்கு வந்த அண்ணி தண்ணீர் வாங்கக் கீழே போயிருந்தாள். யாராவது மெதுவாக வந்து தோளைத் தொட்டு உள்ளே அழைத்துப் போவார்கள் என்று நம்பி, இவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பட்ட காலிலே படும் என்பார்களே, அப்படித்தான் நடந்தது. பக்கத்தில் வந்து பொத்தென்று உட்கார்ந்தவள் அவர்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி.

"அட, நீயா? நீ எங்கம்மா இங்க?"

"ஒரு பத்திர விஷயம்மா. பக்கத்து கோர்ட்டு."

"எனக்கும் சொத்துத் தகராறுதான். கூடப் பொறந்தவனே கேஸ் போட்டிருக்கான். ஆமா, என்ன பத்திரம்? யார் பேர்ல?"

வீட்டுக்காரம்மா வெறும் வாயையே மெல்லுகிறவள். அவல் கிடைத்தால் விடுவாளா? அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரியும். அண்ணனிடம் வீட்டைக் காலி செய்யச் சொன்னாலும் சொல்லுவாள். இவள் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தாள்.

வெண்கலம் வாசலுக்கு வந்தார்.

"சாட்சி எண் நாலு!"

யாரும் எழுந்திருக்கவில்லை. இவளும்தான். அது தன்னைத்தான் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? கையில் இருந்த சம்மன் சட்டம் மாறுவதற்கு முன்பு வந்தது. அதில் பெயர் இருந்தது, எண் இல்லை.

"சாட்சி எண் நாலு!"

வீட்டுக்காரம்மா முழங்கையால் இடித்தாள். "நம்பர் சொல்லிக் கூப்பிடுறான் பாத்தியா? அப்படின்னா அது அந்த மாதிரி கேசு. புதுச் சட்டமாம், பேப்பர்ல போட்டிருந்தான். எவ எந்திரிக்கிறான்னு பாப்போம்."

இவளுக்கு அப்போதுதான் புரிந்தது. நாலு நான்தான். அடப் பாவிகளா, நான்தான் அது. எழுந்தால் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்துவிடும். எழாவிட்டால் அவன் வெளியே வந்துவிடுவான். இவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

மூன்றாவது குரலும் வந்து போனது. வெண்கலம் உள்ளே திரும்பினார். திறந்திருந்த கதவு வழியாக எதிர்த்தரப்பு வக்கீலின் பேச்சு கேட்டது. "இன்னைக்கும் வரலீங்க. வர மாட்டாங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேன்." அரசு வக்கீல் ஒரு வாய்தா கேட்டுக் கெஞ்சினார். அவரும் இவள் மறுபடி ஓடிவிட்டாள் என்றுதான் நினைத்திருப்பார், பாவம். நீதிபதி சலிப்போடு ஏதோ சொல்ல, தட்டச்சுச் சத்தம் தொடங்கியது.

இவள் எழுந்தாள். வீட்டுக்காரம்மா கையைப் பிடித்தாள்.

"எங்க போற? உன் கோர்ட்டு அந்தப் பக்கம்ல?"

"விடுங்கம்மா."

"அட, சொல்லிட்டுப் போயேன்."

இவள் கையை உதறிய வேகத்தில் வளையல் ஒன்று கழன்று தரையில் உருண்டது. வாசலில் வெண்கலம் குறுக்கே நின்றார்.

"யாரும்மா நீங்க?"

"நாலாம் நம்பர் நான்தான். அது நான்தான்னு யாரும் சொல்லலைங்க."

அவர் சம்மனை வாங்கிப் புரட்டினார். "இதுல நம்பரே இல்லையே. என்கிட்ட இருக்குறதுல பேரே இல்ல. எதை வெச்சு உள்ள விடுறது?" குரலைத் தாழ்த்தத்தான் பார்த்தார். அந்தத் தொண்டைக்குத் தாழ்த்தத் தெரியவில்லை. வராந்தா முழுக்கக் கேட்டது. உள்ளே தட்டச்சு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடி முடிந்தால் எல்லாம் முடிந்தது.

அவருடைய கைக்கு அடியில் குனிந்து இவள் உள்ளே ஒரு எட்டு வைத்தாள். "ஐயா, நான் வந்துட்டேன்."

எல்லோரும் திரும்பினார்கள். குற்றவாளிக் கூண்டில் இருந்தவனும் திரும்பினான். இவள் அவனைப் பார்க்கவில்லை, நீதிபதியைப் பார்த்தாள்.

"ஆள் யாருன்னே உறுதியாகல," என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "யார் வேணும்னாலும் வந்து நான்தான்னு சொல்லலாமே. வரலைன்னு பதிவாயிடுச்சுங்க ஐயா."

"அவங்கதான் ஐயா, எனக்குத் தெரியும்," என்று அரசு வக்கீல் பதறினார். இருவரும் ஒரே நேரத்தில் பேச, நடுவில் இவளை யாரும் கேட்கவில்லை. இவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் வெட்கம் உட்கார்ந்திருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"என் பேரு..." என்று தொடங்கினாள்.

நீதிபதி அவசரமாகக் கையை உயர்த்தினார். "பேரைச் சொல்லாதீங்கம்மா. கதவு திறந்திருக்கு. வெளியில ஆளுங்க இருக்காங்க. பேர் வரக் கூடாதுன்னுதான் சட்டமே."

"அந்தச் சட்டம் உங்களுக்குங்க ஐயா. பேரு என்னோடது."

சொன்னாள். தன் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து, வராந்தாவின் கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி சொன்னாள். வாசலில் வந்து நின்ற வீட்டுக்காரம்மாவுக்கும் கேட்டது. தண்ணீர் பாட்டிலோடு மூச்சிரைக்கப் படியேறி வந்த அண்ணிக்கும் கேட்டது. என்ன பெயர் என்று இங்கே எழுத முடியாது. அதைச் சொல்ல அவளுக்கு மட்டும்தான் உரிமை.

வரவில்லை என்று தட்டச்சு செய்ததை நீக்கச் சொன்னார் நீதிபதி. வெண்கலம் கதவைச் சாத்தினார். அவள் சாட்சிக் கூண்டில் ஏறினாள்.